சம்பந்தியின் தொப்பை

பின்னால் இழுத்த விமான ஸ்டிக் கடைசிவரை வரவில்லை. இன்னும் நாலு விரற்கடை வரவேண்டியிருக்கும்போதே எதிலோ முட்டி நின்றுவிட்டது.

எதில் என்று மெக்கானிக்குக்கு உடனே விளங்கிவிட்டது. முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் தொப்பையில்தான்.

வேறு யாருடைய தொப்பையாக இருந்தாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். சம்பந்தியுடையதாகப் போயிற்று. அந்த வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்து இன்னும் முழுசாக நாலு மாதம்கூட ஆகவில்லை.

அறுபது வருடப் பழசான குட்டி விமானம் அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். முழங்கால்களுக்கு நடுவே, விமானத்தை ஏற்றி இறக்க ஆளுக்கொரு ஸ்டிக். இரண்டையும் அடியில் ஒரே தண்டு இணைப்பதால் ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். சம்பந்தி ஆசைப்பட்டு வாங்கிய விமானம். ஸ்டிக் இரண்டையும் புதுசாக்கும் வேலையை, சொந்தத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தார்.

மெக்கானிக்கும் எந்தக் குறையும் வைக்கவில்லை. பழைய பெயின்டைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, மரப்பிடிக்கு ஏழு கோட் வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றையும் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு இழைத்து, கட்டின மனைவியே பொறாமைப்படும் அளவுக்கு அதோடு கிடந்தார். நேற்று ஆளில்லாத விமானத்தில், வெளியே நின்றபடி கையை விட்டு இழுத்தபோது வெண்ணெய் மாதிரி வந்தது. இன்று சம்பந்தி ஏறி உட்கார்ந்தார், வர மறுக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

ஸ்டிக் முழுசாக வந்தால்தான் வாலில் உள்ள மடல் முழுசாக எழும்பும். அது எழும்பாவிட்டால் இறங்கும்போது மூக்கைத் தூக்க முடியாது. அதைத் திரும்பிப் பார்க்கத்தான் மெக்கானிக் பின் இருக்கையில் ஏறியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதே இருக்கையில் உட்கார்ந்து மாமனாரோடு பறக்கப்போவது அவருடைய ஒரே பெண்.

சொல்லிவிடலாம். ஆனால் கல்யாணத்தில் மூச்சைக் கொஞ்சம் உள்ளே இழுக்கச் சொன்ன போட்டோக்காரரை சம்பந்தி இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆல்பத்தை இன்னும் திறந்தே பார்க்கவில்லையாம்.

சம்பந்தி மறுபடி இழுத்தார். அதே இடத்தில் நின்றது. மெக்கானிக்குக்கு அடிவயிற்றை என்னவோ அழுத்தியது. பயம் வந்தால் அவருக்கு எப்போதும் வயிற்றில்தான் தெரியும்.

ஸ்டிக் ஒருவேளை கொஞ்சம் நீளமாகிவிட்டதோ என்று சம்பந்தி முன்னாலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. மூன்று முறை அளந்து பொருத்திய ஸ்டிக். தொப்பை செய்த வேலைக்கு அதன்மேலா பழி. இருந்தாலும், இருக்கலாம் என்று பணிவாக ஒத்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்.

முதுகுக்கு வைத்த மெத்தையை எடுத்துவிட்டால் வசதியாக இருக்குமே என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். தாராளமாக எடுக்கலாம், உங்களுடையதையும் எடுத்துவிடுங்கள் என்றார் சம்பந்தி. இரண்டு மெத்தைகளும் வெளியே போயின. ஸ்டிக் மசியவில்லை.

வெக்கையாக இருக்கிறதே, அந்தத் தோல் ஏப்ரனையாவது கழற்றி வைக்கக்கூடாதா என்றார் சம்பந்தி. பேச்சை மாற்றுகிறார் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கழற்றி வைத்தார்.

நீங்கள் இறங்கிக் காற்றாட நில்லுங்கள், நான் ஒருமுறை தனியாக இழுத்துப் பார்க்கிறேன் என்று அடுத்து ஆரம்பித்தார் சம்பந்தி. யாரும் பார்க்காத சமயத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு பாஸாகிவிடலாம் என்ற திட்டம். மெக்கானிக் இதற்கெல்லாம் ஏமாறுகிற ஆளா. வயிற்றை எக்கிக்கொண்டே எவ்வளவு நேரம் பறக்க முடியும். பரவாயில்லை, கூடவே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

முன் இருக்கையிலிருந்து பெருமூச்சு கேட்டது.

அந்தப் பெருமூச்சில் மெக்கானிக் முடிவுக்கு வந்தார். கோபம் ஒரு வருடத்தில் ஆறிவிடும். பெண்ணுக்கு ஏதாவது ஆனால் தாங்குகிற நெஞ்சு அவருக்குக் கிடையாது. எது நடந்தாலும் நடக்கட்டும், முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டியதுதான்.

ஒருக்களித்து, கதவு விளிம்பைப் பிடித்து, இரண்டு இடத்தில் சிக்கி, மூச்சு வாங்க இறங்கினார். முன் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. இந்தத் தொப்பையாலதான் ஸ்டிக் வரமாட்டேங்குது."

போச்சு, பெண் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று நினைத்தபடி தலையை நிமிர்த்தினார்.

சம்பந்தியின் கையில் ஸ்டிக் கடைசிவரை வந்து நின்றிருந்தது. அதற்கும் அவர் சட்டைப் பொத்தானுக்கும் நடுவில் ஒரு வார்னிஷ் டப்பாவை வைக்கலாம் போல இடம் கிடந்தது. வால் மடல் முழுசாக எழும்பியிருந்தது. காலியான பின் இருக்கையில் மற்ற ஸ்டிக், இவ்வளவு நேரம் இடம் கிடைக்காமல் நின்றது போல, நன்றாகப் பின்னால் சாய்ந்திருந்தது.

சம்பந்தியின் கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட நின்றது. மெக்கானிக்கின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம காலைலேருந்து தவிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களே வாய்விட்டு ஒத்துக்கிட்டீங்க. பெரிய மனசு சம்பந்தி உங்களுக்கு."