பித்தளைக் கிராதி

நான்காவது துண்டும் இடுக்கியின் நுனியிலேயே முறிந்தது.

மாதிரிக் கப்பலின் மேல்தளத்தைச் சுற்றி நிற்க வேண்டிய கிராதி. பித்தளை. தலைமுடிக் கனம்தான் இருக்கும். ஒரு தடவை மடிக்கலாம். தப்பாக மடித்துவிட்டோமே என்று நிமிர்த்தினால் போச்சு, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாகிவிடும்.

தகட்டில் இன்னும் ஒரே ஒரு துண்டு பாக்கி.

"மாமா, இதுல ஒரு எறும்பு சாஞ்சு நின்னாலே கப்பல் கவுந்துரும் போல. எங்கிட்ட குடுங்க, ரெண்டு பொட்டு வெல்டிங் வெச்சு விட்டுடறேன்."

மைத்துனன் இரும்பு கேட் செய்கிறவன். கப்பலை எடுத்துப்போக மதியமே வந்துவிட்டான். காலி அட்டைப்பெட்டி அவன் மடியில் இருந்தது.

அவனுடைய அக்கா, கல்யாணமான முதல் வருஷம் கணவனுக்கு வாங்கிக் கொடுத்த கப்பல். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மாமியார் நகை கேட்கவில்லை, துணிமணி கேட்கவில்லை. மகள் ஆசையாக வாங்கியதை முடித்துக் கொடுத்தால் ஷோகேஸில் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்டார். மருமகனும் சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் இன்று தருவதாக ஒப்புக்கொண்டான்.

கடைசித் துண்டைத் தகட்டிலிருந்து வெட்டினான். பிளேடால் அழுத்தி மடித்தான். மடிப்பு சரியாகவே விழுந்தது.

பசையில் தொட்டு, தளத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

துண்டு கோணலாகப் போய் உட்கார்ந்தது.

நிமிர்த்தக் கூடாது என்று தெரியும். நிமிர்த்தினான்.

சத்தம்கூட வரவில்லை.

"விடுங்க மாமா. அம்மா கண்ணுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது?"

மைத்துனன் கப்பலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினான். காலையிலிருந்து முறியாமல் ஒட்டியதெல்லாம், குடித்தவன் நட்ட வேலி மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்பக்கம் வந்ததும் அவன் கை நின்றது.

"அட, இது மட்டும் நூல் பிடிச்ச மாதிரி நிக்குதே! யாரு வெச்சது?"

"நான்தான்."

"அப்ப இந்தப் பக்கம்தான் வெளியில தெரியணும். அம்மாகிட்ட சொல்லிடறேன்."

பெட்டிக்குள் பழைய துணியை மெத்தைபோலப் பரப்பி, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோலக் கப்பலை இறக்கினான். முன்பக்கம் எது என்று அட்டையில் பேனாவால் அம்புக்குறி போட்டான்.

மனைவி குளியலறையில் விழுந்தபோது அவன் கடைக்குப் போயிருந்தான். மாமியார் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். சொன்னவன் அவன்தான்.

முன்பக்கத் துண்டு அன்று ஒட்டியது. அதற்குப் பிறகு இன்றுதான் இடுக்கியைத் தொட்டான்.

இந்தப் பசை இறுகத் துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும்.

அன்று எட்டு எண்ணும்போது ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

பதினொன்றில் அவள் கூப்பிட்டாள். பத்தொன்பதில் இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக.

"இதோ வரேன்" என்றான்.

முப்பது வரை எண்ணினான். பிறகு கண்ணைத் தளத்தின் மட்டத்துக்கு இறக்கி, நேராக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.