மருந்தின் வெளிநடப்பு

நோய்ப் புரதத்தின் குழிக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டிய மருந்து மூலக்கூறு, கணினியில் ஓட்டிப் பார்த்த சோதனையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே கிளம்பிவிட்டது. வரைபடத்தில் இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக எகிறி நின்றது.

"சராசரி எடும்மா, கோடு அடங்கிடும்," என்றார் பேராசிரியர் குலசேகரன்.

"சராசரி எடுத்தா, ஓடிப்போன மாப்பிள்ளைகூட பாதி மணமேடையில இருப்பார் சார்," என்றாள் ஆய்வு மாணவி தில்லைநாயகி.

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. சரி, மருந்தை அறிவிக்கிற விழாவுல இந்தப் படத்தை ஓட்டுறப்போ அது வெளியே போறதுக்கு முன்னாடி நிறுத்திடு. கட்டுரையில உன் பேர்தானே முதல்ல?"

அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பொய் அவருடையது, முதல் பெயர் இவளுடையது.

விழாவில் அவள் நிறுத்தவில்லை. ஊரே பார்க்க மருந்து குழியை விட்டு இறங்கி நடந்தது. சார் நாக்குழறுவார் என்று காத்திருந்தாள். அவரோ மைக்கில் முழங்கினார்: "பார்த்தீர்களா! இங்கே வேலையை முடித்துவிட்டு அடுத்த புரதத்தைத் தேடிப் போகிறது!"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. சிறப்பு விருந்தினர் பொன்னாடையைப் பிரித்தார்.

தில்லைநாயகி விசைப்பலகையை இழுத்தாள். காலிக் குழியைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். கைதட்டல் இன்னும் கூடியது.

அவள் எழுந்து, மைக்கைப் பிடித்திருந்த கையை நோக்கி நடந்தாள்.