பாட்டே போடாத கடை

"அதோ வந்துக்கினு கீறாரு. பாட்ட நிறுத்து!"

யாசிர் பதறிய பதற்றத்தில், கல்லாவில் இருந்த அவன் மனைவி புஷ்ரா ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிவிட்டாள். ஆழ்வார்பேட்டையில் அவர்களுடைய டீக்கடை பரீட்சை ஹால் மாதிரி அமைதியானது.

பக்கத்து ஜூஸ் கடைக்காரருக்குப் போன வாரம்தான் நோட்டீஸ் வந்திருந்தது. லைசென்ஸ் வாங்காமல் கடையில் சினிமாப் பாட்டு போட்டாராம். கோர்ட்டு, வக்கீல் என்று மனிதர் நாயாய் அலைகிறார். யாசிரும் லைசென்ஸ் வாங்கவில்லை. அடுத்தது நாம்தான் என்று பயந்துகொண்டே இருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பெரியவர் வர ஆரம்பித்தார். முதல் நாள் ஒரு பழைய பாட்டு ஓடியபோது, அது முடியும்வரை டீயைத் தொடவேயில்லை. "இந்தப் பாட்ட அடிக்கடி போடுவீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, கடையின் போர்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

வேறு யார், பாட்டு லைசென்ஸைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரேதான்! அன்றிலிருந்து அவர் தலை தெரிந்தாலே பாட்டு நின்றுவிடும். டீக்குக் காசுகூட யாசிர் வாங்குவதில்லை.

இன்று கழுத்தில் அடையாள அட்டை தொங்க இன்னொருவரும் கூடவே வந்தார்.

"பாட்டு உரிமைச் சங்கத்துலேர்ந்து வரேன். உங்க கடைல பாட்டு போடுறீங்களா?"

"பாட்டா? இங்கயா? அல்லாஹ் மேல சத்தியமா கெடையாது சார்! எனக்குப் பாட்டுன்னாலே தலவலி."

சத்தியம் செய்த வாய் கூசியது. புஷ்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

அட்டைக்காரர் பெரியவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா கதிரேசன் சார்? எங்கெங்க ஓடுதுன்னு பாத்துத்தான் பாட்டு எழுதினவங்களுக்குப் பங்கு தர்றோம். உங்க பாட்டு எங்கயும் ஓடலன்னு சொன்னா நம்பல. இந்தக் கடைல ஓடுதுன்னு அடிச்சு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க."

யாசிருக்கு அவமானத்தில் உடம்பே குறுகிப்போயிற்று. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தான். ஜூஸ் கடைக்காரரின் முகம் கண்ணுக்குள் வந்தது. எடுத்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெரியவர் பிடுங்கிக் கிடந்த ஸ்பீக்கர் ஒயரையும் அவனையும் பார்த்தார். பிறகு அட்டைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி பொய் சொல்ல மாட்டாரு சார். நான்தான் வேற எங்கயாவது கேட்டிருப்பேன்."