சத்தம் கேட்டால் வெளியே வராதே

கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, ஏர் ரைபிளின் முனையிலிருந்த சைலன்சரை அவசர அவசரமாகத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார் அவர்.

"சீக்கிரங்க! மக வெளிய வர்ற நேரமாச்சு," என்றாள் மனைவி.

"இறுகிப் போச்சுடி. நச்சரிக்காம அந்தப் பக்கம் பிடி."

"நல்லா இருந்த துப்பாக்கிக்கு வேகம் கூட்ட ஸ்பிரிங்கை மாத்தி, சைலன்சர் வேற! யார் கேட்டா?"

"பக்கத்து வீட்டுக்காரன்தான் சத்தம் சத்தம்னு சண்டைக்கு வந்தானே!"

பின்கதவு ஓரமாகத் தொங்கிய தகர டப்பாதான் அவருடைய குறி. அதனால் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே சட்டம்: 'டப்' சத்தம் கேட்டால் கதவைத் திறக்கக் கூடாது.

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

"ஐயோ, திறக்கிறா!"

சைலன்சர் கழன்று கையோடு வந்தது. அவர் தரையைப் பார்த்துச் சுட்டார்.

டப்!

தாழ்ப்பாள் பாதியில் நின்றது.

"கேட்டுட்டா," என்று விசும்பினாள் மனைவி. "அப்பா பேச்சைத் தட்டவே மாட்டா."

"அன்னைக்கும் தட்டலடி. சத்தம்தான் அவளுக்குக் கேட்கல."

வீட்டுக்குள் யாரும் இல்லை. மகளை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது.