இரண்டு சாப்பாட்டு மணி

ராமாமணியிடம் சோறு மட்டும் இருக்கிறது, லோகப்பிரியாவிடம் குழம்பு மட்டும். கணபதிப் பகுதியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் இந்தப் பட்டறையில் இரண்டு வருடமாக அப்படித்தான். அறுபது வயதுக்காரி இருவருக்கும் சோறு வடிக்கிறாள், இருபத்து மூன்று வயதுக்காரி குழம்பு வைக்கிறாள். விடியலில் அதற்குமேல் செய்ய இருவருக்கும் தெம்பில்லை. வேலை நிற்கக் கூடாதென்று இன்று முதல் கம்பி சுற்றுகிறவர்களுக்குப் பன்னிரண்டரைக்கும் மற்றவர்களுக்கு ஒன்றேகாலுக்கும் சாப்பாடு. ராமாமணி கம்பி சுற்றுகிறவள். லோகப்பிரியா சுற்றிய சுருளை மோட்டார்ச் சட்டத்தில் கோர்க்கிறவள், அவளுக்கு ஒன்றேகால். பன்னிரண்டரை மணி அடித்ததும் தகரக் கூரையின் அனலுக்குக் கீழே ராமாமணியிடம் குழம்பு டப்பாவை நீட்டுகிறாள்.

“ஊத்தி உண்டுபோட்டு, எனக்குச் சோத்த வெச்சிருங்கம்மா.”

“தனியா உண்டா எறங்குமா கண்ணு?”

ராமாமணி செம்புப்பொடி ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைக்கிறாள். இடுப்பைப் பிடித்தபடி போர்மேன் தனபாலிடம் நடக்கிறாள்.

“ஏனுங்க, சுருளுக்கு வார்னிஷ் பூசற மேசைக்கு ஆளு கேட்டீங்களே, நான் போறனுங்க.”

“அந்த நெடி உங்களுக்கு ஆகாதுங்கம்மா. தல சுத்தும்.”

“அங்க எத்தன மணிக்குங்க சோறு?”

“ஒன்னேகாலுக்குங்க.”

“அப்பச் செரிங்க.”

நாளையிலிருந்து ராமாமணி வார்னிஷ் மேசையில் நிற்பாள். இருவரும் ஒன்றேகாலுக்குச் சேர்ந்து சாப்பிடுவார்கள்.