எங்க ஆளை எங்க ஆளே அடிச்சான்

"எங்க ஆளை எங்க ஆளே அடிச்சான்! அதுக்கு எதிராளிக்கு எதுக்கும்மா பெனால்டி?"

கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார் கபெம்ப்வா. சுரங்கத் தொழிலாளர் கால்பந்து கிளப்பின் தலைவர். அவருக்குப் பின்னால் பாதி ஊர் தடுப்புக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

நடுவர் சிலேஷே பெனால்டி புள்ளியைக் காட்டிய கையை இறக்கவில்லை.

நடந்தது எல்லோரும் பார்த்ததுதான். ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் போதும், கபெம்ப்வாவின் அணி முதல் பிரிவிலேயே தப்பிப் பிழைத்துவிடும். அப்போதுதான் தற்காப்பு ஆட்டக்காரன் லுபிண்டா ஒரு பந்தைக் கோட்டை விட்டான். நல்லவேளை, அது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. யாரோ அதை நடு மைதானத்துக்கு உதைத்துத் தள்ளினார்கள்.

ஆபத்து விலகியும் கோல்கீப்பர் சின்காலாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கம்பத்தோரம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து லுபிண்டாவின் மேல் வீசினான். நிறைந்த பாட்டில். காதில் போய் விழுந்தது. லுபிண்டா அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

சின்காலாவுக்கு ரெட் கார்டு. எதிரணிக்குப் பெனால்டி.

"பந்து எங்கேயோ கிடக்கு. எதிரணிக்காரன் ஒருத்தன் மேல தூசிகூடப் படலை. எந்த ஊரு நியாயம் இது?"

"பந்து ஆட்டத்துல இருந்துச்சு ஐயா. பொருளை வீசி ஆளை அடிச்சா, சொந்த அணி ஆளா இருந்தாலும் குற்றம்தான். அது எங்க பட்டுதோ அங்கிருந்துதான் ஆட்டம் மறுபடி தொடங்கணும். பட்டது பெனால்டி எல்லைக்குள்ள."

"சட்டமா? எனக்கா? வாழ்நாள் பூரா போலீஸ்ல இருந்தவன்மா நான்! எத்தனை பஞ்சாயத்து பார்த்திருப்பேன்! ஒரு வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும். கோபத்துல ஒருத்தன் ஒண்ணு வைப்பான், சாயந்திரம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. நடுவுல வெளியாளுக்கு என்ன வேலை?"

கூட்டம் கைதட்டியது. "விசிலைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய் சோளக் களி கிண்டு!" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

லுபிண்டா தட்டுத்தடுமாறி எழுந்து வந்தான். காதுக்குக் கீழே ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

"மேடம், விட்டுடுங்க. நான் புகார் ஒண்ணும் சொல்லலை. சின்காலா எனக்கு அண்ணன் மாதிரி. பந்தை விட்டது நான்தானே? தப்பு என் மேலதான்."

"கேட்டியா?" கபெம்ப்வாவின் குரல் உச்சத்துக்குப் போனது. "அடிபட்டவனே வாயை மூடிக்கிட்டு இருக்கான்! உனக்கு என்ன வந்துச்சு?"

சிலேஷே அவரைப் பார்க்கவில்லை. லுபிண்டாவைத்தான் பார்த்தாள்.

"நீ புகார் சொல்லணும்னு இல்ல தம்பி. நான் பார்த்தேன். அது போதும். போய் முதல்ல காதைக் கழுவு."

பிறகு கபெம்ப்வாவின் பக்கம் திரும்பி அதே ரெட் கார்டை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.  மறுகணம் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் ஆரஞ்சுத் தோலும் பறந்து வந்தன. காவலர்கள் தலைவரின் தோளில் கைவைத்து வெளியே அழைத்துப் போனார்கள்.

மாற்று கோல்கீப்பர் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கம் போனது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. கபெம்ப்வாவின் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

நடுவர் அறை வாசலில் அவர் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லீக் மேற்பார்வையாளர் விதிப் புத்தகத்தை விரித்துக் காட்டி, "அந்தம்மா குடுத்தது சரிதான் தலைவரே. இதுல வேற வழியே கிடையாது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கபெம்ப்வா அதைக் காதில் வாங்கவில்லை. சிலேஷே வெளியே வந்ததும் வழியை மறித்தார்.

"புத்தகத்துல என்னமோ இருக்கட்டும். ஒரு ஊரையே அழ வச்சிட்டியே! என் மேல உனக்கு அப்படி என்ன பகை? உன் முகத்தை இதுக்கு முன்ன நான் பார்த்ததுகூட இல்லையே!"

"பகை எதுவும் இல்ல ஐயா. யாரு வந்து நின்னிருந்தாலும் இதே பெனால்டிதான்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா நீங்க என்னைப் பார்த்திருக்கீங்க. உங்க ஸ்டேஷன்லதான்."

கபெம்ப்வா அவளை மேலும் கீழும் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"புருஷன்தானே அடிச்சான், வீட்டுக்குப் போம்மான்னு திருப்பி அனுப்பிட்டீங்க" என்றாள் சிலேஷே. "உங்களுக்கு அடையாளம் தெரியாது ஐயா. அன்னைக்கு இந்த முகம் வீங்கி, ஒரு கண்ணே மூடியிருந்துச்சு."