சிறப்பு விருந்தினர்

தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே, தன் நண்பர்கள் கண்ணில் படாமல், ஆனந்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே புளியமரத்தடியில் பிரியாணிப் பாத்திரத்தைத் திறக்கிற சத்தம் கேட்டது.

வாசனை மட்டும் உள்ளே வந்தது.

இருமல் வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே இப்படி இரும வேண்டும் என்று எந்த அரசாணையிலும் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு ஜவ்வாது மலையில் வீடு பிடித்து, "இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகள் இங்கேதான்" என்று நண்பர்களுக்கு அறிவித்தவர் அவர். ஆலங்காயத்திலிருந்து மூன்று பேர் காரில் வருவார்கள். அவர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த தங்கவேல், தங்கவேலின் மனைவி மஞ்சுளா, பழைய ஜீப் டிரைவர் ரஞ்சித்.

இலை போட்டதும் ஆனந்தன் பேசத் தொடங்குவார். மலையின் மூலிகைகள் பற்றி, தான் தீர்த்துவைத்த நிலத் தகராறுகள் பற்றி, தன் நாயின் வம்சாவளி பற்றி. சோறு ஆறிவிடும்.

நாயின் பெயர் கமாண்டர். மணி என்று கூப்பிட்டால்தான் வரும்.

கொஞ்ச நாளாக அவர்கள் வருவது குறைந்துபோனது. ஒரு வாரம் காதுகுத்து. ஒரு வாரம் கார் டயர். ஒரு வாரம் யாருக்கோ காய்ச்சல். யாருக்கு என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

இந்த வாரம் அவர்கள் சாக்கு சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். வாட்ஸ்அப்பில் எழுதினார்: "நண்பர்களே, ஞாயிறன்று சென்னையில் ஒரு விழா. நான் சிறப்பு விருந்தினர். யாரும் வந்து ஏமாற வேண்டாம்."

மூன்று கட்டைவிரல்கள் வந்தன. போகாதீர்கள் என்று ஒரு விரல்கூடச் சொல்லவில்லை.

பொய்யையும் விதிமுறைப்படி செய்கிறவர் அவர். ஊர் பார்க்கும்படி முன்கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டார். பின்வாசல் வழியாக உள்ளே வந்து தாழிட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குச் சாமைச் சோறும் ரசமும் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் கார் சத்தம் கேட்டது.

"பாவம்ங்க, அவரு பாட்டுக்கு மெட்ராஸ் போய்ட்டாரு. இதுக்கு யாரு சோறு வெப்பா?" என்று மஞ்சுளா நாயைக் கொஞ்சியது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

நாய்க்குச் சோறு வைக்க வந்தவர்கள், தங்களுக்கும் ஒரு அண்டா பிரியாணி கொண்டுவந்திருந்தார்கள்.

ஆனந்தன் காதை ஜன்னல் பலகையில் ஒட்டவைத்தார். நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று கேட்க இப்படி ஒரு வாய்ப்பு லேசில் கிடைக்காது. ரஞ்சித் அவரைப் போலவே பேசிக் காட்டுவான் என்று அவருக்கு ஏற்கனவே தகவல் உண்டு. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் மனதுக்குள் விளக்கம் தயார் செய்துகொண்டார்.

அவர்கள் சூடாகச் சாப்பிட்டார்கள். புளி விலை பேசினார்கள். மஞ்சுளாவின் அக்கா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை தூங்கிப்போன கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். ரஞ்சித்துக்குப் புரையேறி, தங்கவேல் அவன் தலையில் தட்டினார்.

ஆனந்தன் பெயர் வரவில்லை.

கேலி இல்லை. குறை இல்லை. அவர் குரலில் யாரும் பேசிக் காட்டவில்லை. பத்தடி தூரத்தில் அவருடைய கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஒரு ஆள் உலகத்தில் இல்லாதது போலச் சாப்பிட்டார்கள்.

திட்டினாலாவது தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது நாய் ஜன்னலடிக்கு வந்தது. மோப்பம் பிடித்தது. வாலாட்டிக்கொண்டே பலகையைப் பிறாண்டியது.

போ, போ என்று பலகை இடுக்கு வழியாகக் கையை ஆட்டினார். அது இன்னும் உற்சாகமாகிக் குரைத்தது.

"இன்னா, அங்கியே பாத்துக்கினு குரைக்குது?" என்றாள் மஞ்சுளா.

"எலியா இருக்கும்க்கா," என்றான் ரஞ்சித்.

"இருந்தா இருந்துட்டுப் போவுது, வுடு," என்றார் தங்கவேல். "டேய் மணி, இங்க வாடா. எலும்பு துன்னு."

நாய் ஜன்னலை ஒருமுறை பார்த்தது. பிறகு போய்விட்டது.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பிறாண்டியிருக்கலாமே என்றும் இருந்தது.

வெயில் சாய்ந்ததும் கார் கிளம்பியது. வளைவுகளில் அதன் ஹாரன் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்துவிட்டு, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்துபோய் பின்வாசலைத் திறந்தார்.

படியில் அவருடைய செருப்பைக் காணவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஒளிந்துகொள்ளப் போகிற வேளையிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். படிக்கு நேரெதிரே குழாய். வந்ததும் மூன்று பேரும் கைகால் கழுவிய சத்தம் கேட்டது அந்தக் குழாயிலிருந்துதான்.

கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

செருப்பு, நாய்க்கு எட்டாத உயரத்தில், மதில்மேல் ஜோடியாக இருந்தது. பக்கத்தில் ஒரு பொட்டலம். பறந்துவிடாமல் மேலே ஒரு கல்.

பிரித்தார். பிரியாணி வெதுவெதுப்பாக இருந்தது. கத்திரிக்காய்த் தொக்கு ஒரு சின்னப் பையில், வெங்காயப் பச்சடி இன்னொன்றில், தனித்தனியாக முடிச்சுப் போட்டிருந்தது.

நாய்க்கு யாரும் பச்சடி கட்டிவைப்பதில்லை.